வார்டில் ஒரு நோயாளியின் உடலை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: புதுச்சேரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். அடுத்த வாரம் பெரியவர்களுக்கான மருத்துவப் பிரிவில் வார்டு போஸ்டிங் தொடங்குகிறது. தலை முதல் கால் வரை பரிசோதிக்கக் கல்லூரியில் கொடுத்த படிவம் பல பக்கங்கள் நீள்கிறது. நோயாளியின் முன் நின்றால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. உண்மையில் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? எப்படிப்பட்ட ஸ்டெதாஸ்கோப் வாங்கலாம்?

பதில்:

முதல் நாள் அந்தப் படிவம் பையிலேயே இருக்கட்டும். எதையும் மறக்காமல் இருக்க அது உதவும். நோயாளியைப் பார்க்கும் வரிசையை அது முடிவுசெய்யக் கூடாது. கடலூரில் நர்சிங் மாணவர்களை வார்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியை நான். ஒவ்வொரு அணிக்கும் முதலில் சொல்வது இதுதான்: மாற்றத்தைத் தேடுங்கள். இந்த மனிதர் நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார்? அவருடைய வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? புத்தகம் சொல்லும் இயல்பான அளவுகள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பிறகுதான். வழக்கமாக 160 என்ற பி.பி.யோடு நடமாடும் ஒருவருக்கு இன்று 105 வந்தால் படிவத்தில் அது இயல்பு என்று பதிவாகிவிடும். அவர் உடலுக்குள் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

மருத்துவர் ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலருகே சில நிமிடங்கள் நிற்பார். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் செவிலியர். நோயாளி சேர்ந்த அன்று நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பை வைத்துத்தான் அடுத்த ஷிப்டில் வருபவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அது அரைகுறையாக இருந்தால் நள்ளிரவில் அவருக்குக் கைகாட்டி எதுவும் இல்லை.

பரிசோதனை நீங்கள் கட்டிலை நோக்கி நடக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அவர் படுத்திருக்கிறாரா, மூச்சுக்காக நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னே ஊன்றியிருக்கிறாரா? உங்களைப் பார்க்கிறாரா, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? மின்விசிறிக்கு நேர் கீழேயும் நெற்றியில் வியர்வை இருக்கிறதா? காலையில் கொடுத்த இட்லி பொட்டலம் பிரிக்காமலேயே கிடக்கிறதா? சிறுநீர்ப் பையில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம்? ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்கிறதா, தலையணைக்கு அடியில் கிடக்கிறதா? இதையெல்லாம் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பெரும்பாலும் இங்கேயே கண்டுகொள்ளலாம்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவருடைய பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேஸ் ஷீட்டோடு சரிபாருங்கள். "உங்கள் பெயர் இதுதானே?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார். எங்கள் பக்கத்தில் வயதான அம்மாக்களை "ஆயா" என்றோ "பாட்டி" என்றோ, ஆண்களை "அய்யா" என்றோ கூப்பிட்டுப் பேசினால் பாதிக் கூச்சம் போய்விடும். திரையை இழுத்து மூடுங்கள். திரை இல்லாவிட்டால் உறவினரிடம் ஒரு போர்வையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த இடத்தைத் தொடப்போகிறீர்கள் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகே தொடுங்கள். மாணவர் ஆணாகவும் நோயாளி பெண்ணாகவும் இருந்தால் ஒரு பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும்.

பேச்சோடு பேச்சாக நினைவு நிலையைப் பார்த்துவிடலாம். தானாகவே விழிப்போடு இருக்கிறாரா, குரல் கொடுத்தால்தானா, வலி கொடுத்தால்தானா, எதற்குமே இல்லையா என்ற நான்கு படிகளை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 1974-இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண், குறைந்தபட்சம் 3. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். 15 இரண்டு மணி நேரத்தில் 13 ஆனால் உடனே சொல்ல வேண்டும். இடம், காலம், ஆள் தெரிகிறதா என்று கேட்கும்போது, பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டியிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டு, தெரியவில்லை என்றதும் குழப்பம் என்று எழுதிவிடாதீர்கள். "இது எந்த ஊர்? உங்களோடு வந்திருப்பது யார்? பொங்கல் முடிந்துவிட்டதா, வரப்போகிறதா?" என்று கேளுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசினால் "வயசாகிவிட்டது" என்று உறவினர் சொல்வதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலில் விரல் நுனியில் ரத்தச் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தவர்கள் நம் வார்டுகளில் ஏராளம். முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் எது என்று கேட்டு எழுதுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேர வரம்பு உண்டு. அந்த நேரம் தெரியாமல் மருத்துவரால் முடிவெடுக்க முடியாது.

கண்மணியை டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஒரு விஷயம். இங்கே அறுபதைத் தாண்டியவர்களில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் மிக அதிகம். அவர்களில் சிலருக்குக் கண்மணி வட்டமாக இருக்காது, வெளிச்சத்துக்கு மந்தமாகவே சுருங்கும். "கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டு எழுதிவிட்டால் வீண் பதற்றம் இருக்காது.

இனி மூச்சு. என்னுடைய பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் மிகவும் அலட்சியமாக எழுதப்படும் எண் மூச்சின் எண்ணிக்கை. ஒரு பக்கத்துச் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள்: இருபது பேருக்கும் 20 என்றோ 18 என்றோ எழுதியிருக்கும். யாரும் எண்ணவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் உடல் தடுமாறத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறும் எண் இதுதான். தொற்று ரத்தத்தில் பரவினாலும், நுரையீரலில் நீர் கோத்தாலும், உள்ளே ரத்தம் போனாலும், சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமானாலும் மூச்சு வேகமெடுக்கும். பி.பி. அதற்கெல்லாம் பிறகு நிதானமாகத்தான் இறங்கும். அது இறங்குவதற்காகக் காத்திருந்தால் நாம் தாமதமாகிவிட்டோம் என்று அர்த்தம்.

எண்ணும் முறை எளிது. பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பையோ வயிற்றையோ கவனியுங்கள். எண்ணப்போகிறேன் என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். புடவை மடிப்பில் மார்பசைவு தெரியாவிட்டால், பாட்டியிடம் சொல்லிவிட்டு அவர் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்து, அந்தக் கையின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 20-ஐத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். 25-ஐத் தொட்டால் பொறுப்பில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். 8-க்குக் கீழே இறங்கினாலும் அதே அவசரம். எண்ணிக்கையோடு கூட, கழுத்துத் தசை இழுக்கிறதா, விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுகிறதா, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்பதையும் எழுதுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மூச்சை எண்ணுவதற்கு மாற்று ஆகாது. மூச்சு 32 ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது 97 காட்டலாம். உடல் கஷ்டப்பட்டு அந்த 97-ஐப் பிடித்துவைத்திருக்கும். கை சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல் நுனிகள் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துத் தடித்திருக்கும். அவர்களுக்குக் காதுமடலிலோ கால்விரலிலோ மாட்டிப் பாருங்கள். 95-க்கு மேல் இருப்பது பொதுவாகச் சரி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கும் தன்மை உள்ளவருக்கு மட்டும் மருத்துவர்கள் 88 முதல் 92 வரை இலக்கு வைப்பார்கள். அவருக்கு 99 வரட்டும் என்று ஆக்சிஜனைக் கூட்டிவிடாதீர்கள்.

பல்ஸ்: 60 முதல் 100. சீராக இருந்தால் 30 விநாடி எண்ணி இரட்டிக்கலாம். தாளம் தப்பினால் முழு நிமிடம். தப்பும் தாளத்துக்கு இன்னொருவரையும் அழைத்து, ஒருவர் மார்பில் கேட்க, ஒருவர் மணிக்கட்டில் எண்ண, ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதையே எழுதுங்கள். பி.பி.க்காக அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் போனாலும் காய்ச்சல் வந்தாலும் பல்ஸ் அவ்வளவாக ஏறாது. 80 என்று பார்த்துவிட்டு நிம்மதி அடையும் முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்.

பி.பி. பார்ப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வெளிநோயாளிப் பிரிவில் படியேறி வந்தவரை நிற்கவைத்தே கஃப் (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை) கட்டி, சட்டைக் கையின் மேலேயே சுற்றி, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று பேசிக்கொண்டே அளப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். அப்படி வந்த எண்ணை நம்பி ஒருவருக்கு ஆயுளுக்கும் மாத்திரை எழுதப்படலாம். ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கவும் கூடாது. கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். ஓர் அங்குலம் தாழ்ந்தால் சுமார் 2 புள்ளி கூடும். கஃப் உள்ளே இருக்கும் காற்றுப்பையின் நீளம் புஜத்தின் சுற்றளவில் 80 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் பி.பி. பொய்யாக ஏறும், மெலிந்த கைக்குப் பெரியது கட்டினால் பொய்யாக இறங்கும். முதலில் மணிக்கட்டில் விரல் வைத்து, காற்றேற்றும்போது துடிப்பு எந்த எண்ணில் மறைகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2, 3 புள்ளியாக இறக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், நடுவில் ஒலி மறைந்து மீண்டும் தோன்றும் இடைவெளி உள்ளவர்களுக்கு மேல் அளவைத் தவறவிடுவீர்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கையிலும், மார்பகம் அகற்றிய பக்கத்துக் கையிலும் கஃப் கட்டக் கூடாது. எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது என்பவருக்குப் படுத்த நிலையில் ஒருமுறையும், நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், கழிவறைக்குத் தனியாகப் போக விடாதீர்கள்.

காய்ச்சல் பற்றிச் சுருக்கமாக: அக்குளில் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும், எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் என்றால் காய்ச்சல். வயதானவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். உடல் 96-க்குச் சில்லிட்டுப் போனால் அதுவும் நல்லதல்ல.

இந்த எண்களையெல்லாம் சேர்த்து மதிப்பெண் போடும் NEWS என்ற முறையைப் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்தியது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, பி.பி., பல்ஸ், நினைவு நிலை, வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண். மொத்தம் 5 என்றால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 என்றால் நெருக்கடி. உங்கள் மருத்துவமனையில் அந்த அட்டை இல்லாவிட்டாலும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புதிதாகக் குழப்பம் வந்தாலே அதற்கு 3 மதிப்பெண் என்பதைப் பார்த்தால், அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று புரியும்.

எண்கள் முடிந்தன, இனி கண்ணும் கையும். சோகையைக் கீழ் இமையின் உட்புறத்திலும் நாக்கிலும் பாருங்கள். நம்முடைய மாநிறத் தோலில் முகத்தை வைத்து வெளிறியிருக்கிறார் என்று சொல்ல முடியாது. நீலம் பாரித்திருப்பதையும் அப்படியே நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். கடலில் வெயில் குடித்த தேவனாம்பட்டினத்து மீனவரின் முகத்தில் அது தெரியாது. மஞ்சள் காமாலையை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் வெள்ளை விழியில் பாருங்கள். படுக்கைப்புண்ணுக்கும் இதே எச்சரிக்கைதான். சிவப்பு நிறம்தான் முதல் அடையாளம் என்று படித்திருப்பீர்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். வால் எலும்பு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களைத் தொட்டுப் பார்த்துச் சூடு, கடினம், வலி இருக்கிறதா என்று கேளுங்கள். நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க முதியவரின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பயனில்லை. அங்கே தோல் எப்படியும் தளர்ந்திருக்கும். கழுத்தெலும்புக்குக் கீழே பாருங்கள், நாக்கின் ஈரத்தைப் பாருங்கள், சிறுநீரை அளங்கள். மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிலிட்டருக்குக் குறைவாகப் போனால் சொல்லுங்கள்.

தோலைப் பார்ப்பதில் நம் மாவட்டங்களுக்கென்றே ஒரு பாடம் உண்டு. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் பல நாள் காய்ச்சலோடு வருபவர்களில் ஸ்க்ரப் டைபஸ் இருக்கும். புதரிலும் வயல் வரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடிப்பதால் வருவது அது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு; வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆகவே நோயாளிக்கே அது தெரியாது. அது ஒளிந்திருக்கும் இடங்கள் அக்குள், மார்பகத்துக்கு அடி, இடுப்பில் துணி இறுகும் கோடு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம். எல்லாம் நாம் பார்க்கக் கூச்சப்படும் இடங்கள். அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தால் நோய் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை அன்றே தொடங்கலாம். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். திரையை மூடிப் பரிவோடு தேடும் ஒரு மாணவி, பெரிய பரிசோதனைகளுக்கு முன்பே ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும். இதைப் போலவே, வெள்ளநீரில் நடந்துவிட்டுக் காய்ச்சலோடு வருபவரின் கண் சிவந்திருக்கிறதா, கெண்டைக்கால் தசையை அழுத்தினால் துடிக்கிறாரா என்று பாருங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் வயிற்றுவலி, இமை தொங்குகிறது, முந்தின இரவு தரையில் படுத்திருந்தார் என்றால் கட்டுவிரியன் கடித்திருக்கக் கூடும். கடிவாய் தெரியாமலே போகலாம். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று மணிக்கொரு தடவை கேளுங்கள்; எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன.

மார்புக்கு வருவோம். பொதுவான வரிசை பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல். நுரையீரலைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். நோயாளிக்குக் கூச்சம் குறைவு, கீழ்ப்பகுதியும் அங்கேதான் நன்றாகக் கேட்கும். வாயைத் திறந்து ஆழமாக மூச்சு விடச் சொல்லி, வலது ஓரிடம், அதே மட்டத்தில் இடது ஓரிடம் என்று மேலிருந்து கீழே இறங்குங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஒப்பிட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு மூச்சு; அவசரப்படுத்தினால் நோயாளிக்குத் தலைசுற்றும். மூச்சை இழுக்கும்போது கேட்கும் மெல்லிய படபடப்பு, விடும்போது கேட்கும் விசில், தொண்டையிலிருந்து ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே கேட்கும் கரகரப்பு ஆகிய மூன்றையும் பிரித்தறியப் பழகினால் முதல் வருடத்துக்கு அதுவே போதும். கடைசியாகச் சொன்னது மூச்சுப்பாதை அடைபடுவதன் அடையாளம். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியது. இதய ஒலிக்கு இடதுபக்க ஐந்தாம் விலா இடைவெளியில், கழுத்தெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் கேளுங்கள். முதல் மாதத்தில் தாளம் சீரா, வேகம் என்ன என்பது தெரிந்தால் போதும். மர்மர் எனும் கூடுதல் இதய ஒலியெல்லாம் கேட்டுக் கேட்டு வரும்.

ஸ்டெதாஸ்கோப்பை ஜாக்கெட்டின் மேலோ சட்டையின் மேலோ வைக்காதீர்கள். துணி உரசும் ஒலி நுரையீரல் ஒலியாகக் காதை ஏமாற்றும். தலைப்பை ஒரு பக்கம் மட்டும் விலக்கி, கேட்டுவிட்டு, மூடிவிட்டு, மறுபக்கம் விலக்கலாம். இந்தக் கருவி பிறந்ததே கூச்சத்தால்தான். 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், ஒரு இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள்; இன்றைய ஜிப்மரின் வேர் அது. நோயாளியின் மானத்தைக் காப்பது பரிசோதனையைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் லென்னெக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும்: பார்த்தல், கேட்டல், தட்டுதல், கடைசியில் தொடுதல். முதலில் அழுத்தினால் குடலின் ஒலி மாறிவிடும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முழங்காலை மடக்கிப் படுக்கவையுங்கள். உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் காட்டச் சொல்லி, அந்த இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். தொடும்போது வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். குடல் ஒலி நிமிடத்துக்கு 5 முதல் 30 வரை கேட்கும். இல்லை என்று எழுதுவதற்கு முன் முழுதாக ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். வயிறு பலகையாக இறுகியிருந்தால் மேற்கொண்டு அழுத்தாமல் மருத்துவரை அழையுங்கள்.

கால்களில் வீக்கம் என்றால் கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி 2 மில்லிமீட்டர் என்றால் முதல் நிலை. 4, 6, 8 என்று ஏறும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நீர் வால் எலும்புப் பக்கம் இறங்கியிருக்கும், அங்கே அழுத்துங்கள். இரு காலும் சமமாக வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று யோசிக்கலாம். ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். தேய்த்துவிட வேண்டாம் என்று உறவினரிடமும் சொல்லுங்கள். பல ஆண்டுகளாகத் தடித்து, அழுத்தினால் குழி விழாத கால் யானைக்காலாக இருக்கலாம். கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மையம் ஒன்று 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இந்தக் கரையில் யானைக்கால் அவ்வளவு பரிச்சயமான துன்பம். சர்க்கரை நோயாளி என்றால் செருப்பைக் கழற்றி, விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். பாதத்தின் மேலும், உட்புறக் கணுக்காலுக்குப் பின்னும் துடிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை கிடைத்தால் உணர்ச்சியைச் சோதியுங்கள். உணர்ச்சி இல்லாத காலில் ஆணி குத்தியதும் தெரியாது, சுடுமணல் பொசுக்கியதும் தெரியாது.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது குடி. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆண்கள் வார்டில் இதைக் கேட்காமல் விடவே கூடாது. "குடிப்பீர்களா?" என்று கேட்டால் பதில் வராது. மனைவி பக்கத்தில் இல்லாதபோது, குற்றம் சாட்டாத குரலில், "கடைசியாக எப்போது குடித்தீர்கள், வழக்கமாக எவ்வளவு?" என்று கேளுங்கள். தினமும் குடித்தவர் வார்டில் திடீரென நிறுத்தும்போது சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு, மூன்று நாள் கழித்து இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதும் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. கடைசிக் குடியின் நேரம் கேஸ் ஷீட்டில் இருந்தால் தடுக்க முடியும். குடித்தபின் பார்வை மங்குகிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறது என்றால் மெத்தனால் கலந்த சாராயமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான்.

இரண்டாவது வலி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்ற கேள்வி படித்தவர்களுக்குச் சரி. பெரியவர்கள் இன்னும் "ரூபாய்க்கு எட்டணா குறைந்திருக்கிறது" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு, மாலையில் அதே அணாக் கணக்கில் மறுபடியும் கேளுங்கள். ஒப்பிடுவதற்கு அது போதும். நெஞ்சில் வாய்வு அடைக்கிறது, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் நடுவயதுக்காரரை, அதிலும் சர்க்கரை உள்ளவரை, வாய்வு என்று எழுதி விட்டுவிடாதீர்கள். வியர்க்கிறதா, வலி தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

கண்டதைச் சொல்லத் தெரியாவிட்டால் இவ்வளவும் வீண். "சார், அந்தப் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" என்று போனில் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். யார், என்ன பின்னணி, நான் என்ன பார்த்தேன், எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்லுங்கள். "ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில், 58 வயது, நிமோனியாவுக்காக நேற்றுச் சேர்ந்தவர். காலையில் மூச்சு 20, இப்போது 28. பல்ஸ் 118, பி.பி. 100-க்கு 60, புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறார். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." மாணவி என்பதால் இதை முதலில் வார்டு சிஸ்டரிடம் சொல்வீர்கள்; அவர் வேறு வேலையாக இருந்தாலும் காத்திருக்காமல் சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். குறிப்பில் "நன்றாக இருக்கிறார்" என்ற சொற்களே வேண்டாம். என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள், அந்தக் கட்டம் காலியாக இருப்பது நோயாளிக்குக் கெடுதல் இல்லை, பொய்யான 20 இருப்பது கெடுதல்.

ஸ்டெதாஸ்கோப்புக்கு வருகிறேன். மார்புத்துண்டில் ஒரு பக்கம் தட்டையான சவ்வும் மறுபக்கம் சிறிய மணி வடிவமும் உள்ள, நடுத்தர விலையிலான ஒன்றே போதும். இதயநோய் நிபுணர்கள் மாட்டும் விலையுயர்ந்ததை முதல் வருடத்தில் வாங்கி வார்டில் தொலைத்துவிட்டு அழும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கடையிலேயே காதில் மாட்டிப் பாருங்கள். காதுமுனைகள் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், வெளிச்சத்தம் அடங்க வேண்டும், ரப்பர் குழாயை மடக்கி விட்டால் வெடிப்பு தெரியக் கூடாது. அதோடு விநாடி முள் உள்ள ஒரு சிறிய கடிகாரமும் ஒரு சிறிய டார்ச்சும் வாங்கிவிடுங்கள். கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டாமல் சீருடையில் குத்திக்கொள்ளும் வகையாகப் பாருங்கள், கை கழுவ வசதி. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் மார்புத்துண்டை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். குழாயில் பெயர் எழுதி ஒட்டவும் மறக்க வேண்டாம்.